கறுப்புக் கம்பி

ஒன்றுமே ஒலிக்காத ஒரு நிமிடத்தைப்
பதிவு செய்தேன்.
சத்தத்தைக் கூட்டக் கூட்ட
அதற்குள் ஒரு கொசு.
கொசுவுக்குப் பின்னால் மாவு மில்.

வில்லாபுரத்தில் மாடி வீடு.
கீழே முத்திருளாண்டி அண்ணனின் மில்.
மிளகாய் அரைத்தால் எனக்குத் தும்மல்,
மோட்டார் ஓடினால் என் யுஎஸ்பி சவுண்டு கார்டுக்கு.
விரலால் காதை அடைத்தால் மில் நின்றுவிடும்,
ஹெட்போனை மாட்டினால் திரும்ப ஓடும்.

கல்யாண வீடியோக்களுக்கு ஒலி திருத்துகிறேன்.
போன வாரம் ஒரு திருமங்கலத்துப் பெண்
தாலி ஏறிய கையோடு
ஏதோ முணுமுணுத்தாள்.
உதடு அசைவது தெரிகிறது.
காதில் கொசு.

டவுன் ஹால் ரோட்டுச் சந்தில்
ஃபெரைட் வளையம் இரண்டு, கெபாசிட்டர் ஒரு கைப்பிடி,
நூற்று எண்பது ரூபாய்.
நல்ல கேபிள் ஒன்றை நடுவில் அறுத்தேன்.
சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை.
பச்சையும் வெள்ளையும் பேசிக்கொண்டிருப்பவை,
குறுக்கே போகக் கூடாது.
கரண்ட் வருவது சிவப்பில்,
அழுக்கும் அதில்தான் வரும் என்று
சிவப்புக்கு மட்டும் காவல் போட்டேன்.
வளையத்தில் இருபத்திரண்டு சுற்று.
நாலாயிரத்து எழுநூறு மைக்ரோ ஃபாரட்.

பேராசை.
செருகியதும் அந்தக் காலிக் குடம்
குழாயைக் கண்ட வேகத்தில் மொத்தத்தையும் இழுக்க,
கம்ப்யூட்டர் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டது.
பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன்.
எவர்சில்வர் டப்பாவுக்குள் அடக்கி மூடினேன்.
ஜெசிந்தாவின் கிராம்பு டப்பா.
எங்கே என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

நைட் டூட்டி முடிந்து வந்தவளை உட்காரவைத்தேன்.
"நான் திரும்பிக்கிறேன். நீ போடு, எடு,
சொல்லாதே. எழுதிக்கொள்."
காலண்டர் தாளின் முதுகில்
அவள் கோடு போட்டாள்.
பன்னிரண்டு முறை.
ஏழு சரி.

"காசு சுண்டினா ஆறு வரும்" என்றாள் அவள்.
"ஏழு வந்திருக்கே."
"அந்த ஒண்ணுக்கா நூத்தி எம்பது?"
நர்ஸ் யூனிஃபாரம் மாற்றாமலே தூங்கிப்போனாள்.

அன்று மதியம் மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே
லேப்டாப் சார்ஜரின் பின்னைத் தற்செயலாக உருவினேன்.
கொசு செத்தது.
செருகினேன், பிறந்தது.
உருவினேன், செத்தது.
சிவப்பில் இல்லை.
ஒன்றும் செய்யாது என்று நான் விட்டுவைத்த
கறுப்புக் கம்பியில் ஏறி வந்திருக்கிறது,
தரைக்குப் போக வேண்டியது
தரை கிடைக்காமல்.

பின் சந்தில் எர்த் குழி.
மூடியைத் தூக்கினால்
உப்பும் கரியும் பாளம் பாளமாக வெடித்திருந்தது.
சித்திரை முடியப்போகிறது,
யாரும் ஒரு சொட்டு விட்டிருக்கவில்லை.
கார்ப்பரேஷன் தண்ணீர் நாலு நாளுக்கு ஒருமுறை.
ஜெசிந்தா எழுவதற்குள்
ஒரு வாளியைத் திருடி ஊற்றினேன்.
குழி குடித்த சத்தத்தை
மைக்கில் பிடித்திருக்கலாம்.

"மரம் கிரம் வச்சிருக்கியாப்பா?"
முத்திருளாண்டி அண்ணன், புருவமெல்லாம் மாவு.
"இல்லண்ணே. உங்க மோட்டாருக்குத்தான்."
அவருக்குப் புரியவில்லை.
இன்னொரு குடம் அவரே கொண்டுவந்தார்.

பதினோரு டெசிபல் இறங்கியது.
முழுக்கப் போகவில்லை. காதை நீட்டிக் கேட்டால்
ஒரு குட்டிக் கொசு இருக்கிறது.
டப்பாவைக் கழற்ற மனமில்லை,
சிவப்பில் அதுபாட்டுக்குத் தொங்குகிறது.

ராத்திரி திருமங்கலத்துக் கோப்பைத் திறந்தேன்.
கெட்டிமேளம் ஓய்ந்து
அடுத்த மந்திரம் தொடங்குவதற்கு இடையில்
ஒன்றரை விநாடி.
அதற்குள் தெளிவாக:
"கால் மரத்துப்போச்சு."

அதை வெட்டவில்லை.
ஒரு டெசிபல் ஏற்றிவிட்டு
சேமித்தேன்.