இருபத்து நான்கு டிகிரி

மழை இங்கேயும் மெத்தென்றுதான் விழுகிறது.
மைன் ஆற்றின் மேட்டில், திராட்சைக் கொடிகளுக்கு அடியில்
சிப்பிப் பாறைக்குள் இறங்கும்போதுதான்
அதற்குக் கைநீளம் வருகிறது.
ஒரு காலத்தில் அங்கே கடல் கிடந்ததாம்.
அதன் ஓடுகளைத் துளித்துளியாகக் களவாடி
எங்கள் சமையலறை வரை கொண்டுவந்து சேர்க்கிறது தண்ணீர்.

களவின் அளவைச் சொல்வது என் உத்தியோகம்.
நகர நீர்த்துறை, இரண்டாம் மாடி, பதினாறு வருடம்.
கண்ணாடிக் குடுவை, சாயம் ஒரு சிட்டிகை,
நீர் ஒயின் நிறமாகச் சிவக்கும்.
மேலிருந்து சொட்டு, சொட்டு, சொட்டு.
கடைசிக்கு முந்தின சொட்டு வரை பிடிவாதமாகச் சிவப்பு.
அடுத்ததில், எதுவுமே நடக்காததுபோல், நீலம்.
"நல்லதா கெட்டதா?" என்று கேட்பவர்களிடம்
"இருபத்து நான்கு" என்பேன்.
அதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் தொடங்கி பதினோரு கடிதங்கள்.
சாயத் தெருவில், ரொட்டிக் கடைக்கு மேல்,
ஓட்மார் ரைஸிங்கர், ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
உங்கள் தண்ணீர் கெட்டுவிட்டது.
'கெட்டுவிட்டது' மட்டும்
அளவுகோல் வைத்துச் சிவப்பில் அடிக்கோடு.

போனேன்.
சன்னல் விளிம்பில் பத்தொன்பது டம்ளர்கள்,
ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதிய சீட்டு.
எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி,
காய்ந்த ஏரியின் கரைபோல் வளையம் வளையமாக.
கெட்டிலைத் திறந்து காட்டினார்: குகை.
ஷவரில் ஏழு கண்கள்தான் உயிரோடு.
"முப்பத்தோரு வருடம் இதே குழாய், அம்மணி.
ஒரு புள்ளி பார்த்ததில்லை நான்."

அவர் மேசையிலேயே குடுவையை வைத்தேன்.
இருவரும் மூச்சடக்கிப் பார்த்தோம்.
சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
நீலம்.
போன வருடமும் இருபத்து நான்கு.
அதற்கு முந்தின வருடம் இருபத்து மூன்றே முக்கால்.
"அப்படியென்றால் என்ன மாறியது?" என்றார்.

கழுவுதொட்டி மேல் கொக்கியில் ஒரு துணி.
நான்காய் மடித்தபடியே உலர்ந்து
பலகையாக நின்றுகொண்டிருந்தது.
பக்கத்தில் பாதி வினிகர் இருந்த பாட்டில்.
அதில் ஒட்டிய தாளில், பதினோரு கடிதங்களிலும் இல்லாத கையெழுத்து:
கெட்டில், மாதம் இரண்டு முறை. ஷவர், ஞாயிறு.

"டம்ளர்களைத் துடைப்பது யார்?"
"துடைப்பதா? மெஷின் இருக்கிறதே."
"மெஷினிலிருந்து எடுப்பது?"
அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.
கீழே யாரோ ரொட்டித் தட்டுகளை இறக்கும் சத்தம்.
"இர்ம்ட்ரவுட் மார்ச்சில் வடக்கே போனாள். தங்கை வீட்டுக்கு."
சற்றுப் பொறுத்து,
"பெட்டி இரண்டும் எடுத்துக்கொண்டு."

நீரடித்து நீர் விலகாது என்று சொன்னவர்கள்
குடுவையில் ஊற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.
வெளியேறுவது எப்போதும் நீர்தான்;
கூட வந்தது தங்கிவிடும்,
விளிம்பில், வெள்ளையாக,
யார் கண்ணிலாவது படும்வரை.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
தெருக்குழாய். மீட்டர். வீட்டு இணைப்பு. மற்றவை.
மற்றவையில் கோடிட்டேன்.
"சூடு ஆறுவதற்குள் துடைக்க வேண்டும்" என்றேன் வாசலில்;
அது நீர்த்துறையின் அறிவுரை அல்ல.
துணியைக் கொக்கியிலிருந்து எடுத்தார்.
மடங்கவில்லை.
குழாயைத் திறந்து அதன் அடியில் பிடித்தார்,
அதே இருபத்து நான்கில்.

பன்னிரண்டாம் கடிதம் அக்டோபரில் வந்தது.
அடிக்கோடு இல்லை. புகார் இல்லை.
ஓர் ஊரின் பெயர், ஒரு தெருவின் பெயர்,
அங்கே எத்தனை டிகிரி?

எங்கள் எல்லைக்குள் வராத ஊர்.
பதில் சொல்ல விதி இல்லை.
மதிய இடைவேளையில் தொலைபேசியில் விசாரித்து
ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன்:
ஏழு.