இறக்கம் இல்லாத தெரு

மலைநாட்டில் என்றால்
முதல் வளைவே சொல்லியிருக்கும்.
இங்கே, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் மட்டும்
சொல்லும்படி ஓர் இறக்கம் கிடையாது.
காலை எடுத்தால் போதும், வான் தன்பாட்டில் தளரும்.
பிரேக் செத்துக்கொண்டிருப்பதை
இந்தத் தட்டை நிலம்
கடைசி மாடு குறுக்கே வரும்வரை மறைத்து வைக்கும்.

மாசியில் கிரீச்சிட்டது.
பிள்ளைகளை ஏற்ற நிற்கிற ஒவ்வொரு படலையடியிலும்
யாரோ தகரத்தை நகத்தால் கீறுவதுபோல.
கிரவல் புழுதி என்றேன்.
ஷெல் புறப்படும் சத்தம் கேட்டால்
எத்தனை எண்ணுவதற்குள் விழும் என்று
சொல்லத் தெரிந்த காதுகள் இவை.
சொந்தச் சில்லுக்குள் தேய்கிற சின்னச் சத்தத்தை
அவை ஒரு சத்தமாகவே எடுக்கவில்லை.

பங்குனியில், மிதிக்கும்போதெல்லாம்
வான் இடப்பக்கம் இழுத்தது,
மிட்டாய்க் கடையைக் கண்ட பிள்ளை
தாயின் சீலையை இழுக்கிறதுபோல.
தெருச் சரிவு என்றேன். டயர் காற்று என்றேன்.
காற்றடித்த பெடியன்
"அன்ரி, காத்து சரியாத்தான் கிடக்கு" என்றான்.
கேட்காத மாதிரி நூறு ரூபா கொடுத்தேன்.

பெடல் தாழ்வதைக் கால்தான் முதலில் அறிந்தது.
அறிந்து, எனக்குச் சொல்லாமல்
இன்னும் அரை அங்குலம் கீழே போகப் பழகிக்கொண்டது.
சீனி விலை ஏறின வருசம்
நாக்கு வெறுந்தேத்தண்ணிக்குப் பழகின மாதிரி.

சிவப்பு லைட்டும் எரிந்துதான் இருக்கிறது.
அதன் மேல் மடு மாதாவின் ஸ்டிக்கர்.
இரண்டு கிழமையாக மாதாவின் முகத்துக்குப் பின்னால்
ஒரு செம்மை.
அருள் என்று நினைத்தேன், உண்மையாகத்தான்.
இருபத்தெட்டாம் திகதி லீசிங்காரன் வருவான்.

முன் சீற்றில் இருக்கிற டிலக்சனா, மூன்றாம் ஆண்டு,
"அன்ரி, அயன் பண்ணேக்க சட்டை கருகிற மணம்" என்றாள்.
கண்ணாடியைத் திற பிள்ளை என்றேன்.

பிறகு கரிப்பட்டமுறிப்புக் கிட்ட,
ரியூசன் விட்டுத் திரும்புகிற மைம்மலில்
தெரு நிறைய எருமை.
மிதித்தேன்.
கால் போனது, போனது,
கோடைக் கிணற்றில் விட்ட வாளிபோல
தண்ணீர் தட்டாமல் போனது.
இன்னொருதரம். மூன்றாம்தரம் கொஞ்சம் பிடித்தது.
கியரை இரண்டுக்கு இறக்கி
ஹாண்ட் பிரேக்கை அந்தரப்படாமல் இழு, இழு என்று
யாருக்கோ சொல்வதுபோல் எனக்குச் சொன்னேன்.

நின்றபோது முன்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது,
வெளிப்பக்கம்.
எருமையின் மூச்சு.
பின்னாலிருந்து பதினொரு பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

நிக்சன் கராஜில் கழற்றிக் கையில் தந்தார்.
ஒரு பாட் வெறும் இரும்பு.
மற்றது ரூபாக்குத்தி மொத்தம்.
பின் சில்லின் உட்பக்கம் பிரேக் ஒயில் வழிந்து,
புழுதி குடித்து, கறுத்துக் கிடந்தது.
"இது ஒரு நாளில வந்ததில்லை அக்கா."
அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
பாதி கையில்,
மீதி இருபத்தெட்டுக்குப் பிறகு.

மாதாவை உரித்துக் கண்ணாடியின் மேல்மூலைக்கு ஏற்றினேன்.
முக்காட்டின் ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.
இப்போது காலையில் ஹாண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு
சிவப்பு அணைகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.
அணைந்த பிறகும், நின்ற வானில்
பெடலை ஒருதரம் மிதிக்கிறேன்.
இன்னும் ஒருதரம்.
"அன்ரி, மணி அடிக்கப்போகுது" என்கிறாள் டிலக்சனா.
மூன்றாம்தரம்.