ஜல்லி

இரண்டு ஸ்லீப்பர் கட்டைக்கு நடுவில் கிடப்பதை
வரைய ஆரம்பித்தது தை மாசம்.
வேறொன்றுமில்லை, கல்.
கருங்கல் ஜல்லி, தாள் கொள்ளுகிற மட்டும்.

குறிஞ்சிப்பாடி போகும் கிளைப் பாதை இது.
என் கேட்டைத் தாண்டும் வண்டிகளை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
இடைப்பட்ட நேரத்தில்
தூங்கக் கூடாது என்று ரூல் புத்தகத்தில் இருக்கிறது.
வரையக் கூடாது என்று இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

பேனா மஞ்சக்குப்பத்தில் வாங்கியது,
பூஜ்யம் புள்ளி ஒன்று, நூற்றிருபது ரூபாய்.
கடைக்காரர் கேட்டார், பொண்ணுக்கா?
தலையாட்டினேன்.
எனக்கு இருப்பது பையன்.

ஒரு கல்லுக்கு இருநூறு புள்ளியாவது வேண்டும்.
வெயில் படுகிற முகத்தில் ஏழெட்டு.
கீழே, அடுத்த கல்மேல் சாய்கிற இடத்தில்
புள்ளிமேல் புள்ளி, இருட்டும் வரை.
உள்ளங்கைக்கு அடியில் கர்ச்சீப் இல்லாவிட்டால்
வேர்வை ஒரு மத்தியானத்தையே இழுத்துக்கொண்டு போய்விடும்.
நாளைக்கு மூன்று கல்.
சிப்காட் நாற்றம் இந்தப் பக்கம் திரும்பாத நாளில் நான்கு.

போன் அடித்தால் மூடி, பிறகு கேட், பிறகு கொடி.
நெய்வேலி கூட்ஸ் ஐம்பத்தெட்டுப் பெட்டி.
கொடி பிடித்து நின்ற கை
உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம்
வண்டியோடேயே போய்க்கொண்டிருக்கும்.
நாற்பத்திரண்டாம் கல்லில் அது தெரியும்.

கேட் சாத்தியிருந்தபோது
பலாப்பழ லாரிக்காரன் ஜன்னல்வழி எட்டிப் பார்த்தான்.
என்னக்கா, முந்திரிக்கொட்டையா?
ஆமாம் என்றேன். லாரி போன பிறகு
தள்ளி வைத்துப் பார்த்தேன்.
முந்திரிக்கொட்டைதான்.
மூன்று மாசமும் எல்லாவற்றையும் உருட்டி வைத்திருந்தேன்.
அதற்குப் பின் வந்த கற்களுக்கு
கொஞ்சம் கோபம் உண்டு.

கீமேன் சிங்காரவேலு
தினமும் இந்த வழியாக நடக்கிறவர்.
இருபது வருசமா போல்ட்டைத்தான் பார்க்கிறேன்,
கல்லை எங்க பார்த்தேன் என்றார்.
படத்தையும் அப்படித்தான் பார்த்தார்,
ஓரத்தில் தெரிகிற கிளிப் கழன்றிருக்கிறதா என்று.

ஒருநாள் ஒரு பான் பாக்கெட் பறந்து வந்து
என் கட்டத்துக்குள் விழுந்தது.
விடலாமா என்று ஒரு டீ நேரம் யோசித்து
அதையும் வரைந்தேன், மடிப்போடு.
மறுநாள் காற்று கொண்டுபோய்விட்டது.

ஆவணிக் கடைசியில் நூற்றுத்தொண்ணூறு கல்.
வலது மூலை மட்டும் வெள்ளை.
புரட்டாசி இரண்டாம் வாரம்
மஞ்சள் நிறத்தில் டேம்பிங் மெஷின் வந்தது.
வருகிற நேரத்தை நோட்டில் எழுதியதும் நான்,
கேட்டைச் சாத்தி வழிவிட்டதும் நான்.
இரும்பு விரல்கள் இறங்கி, குலுக்கி, ஏறின.
என் இடைவெளிக்கு
எட்டு மாசமும் சேர்த்து பத்து நொடி.

சாயங்காலம் போய் நின்றேன்.
ஒன்றையும் தெரியவில்லை.
ஒரு கல்யாணக் கூட்டத்தில்
தெரிந்த முகம் தேடுகிற மாதிரி தேடினேன்.
எழுபத்தொன்று மட்டும் இருந்தது, வெள்ளைக் கீறல் ஓடிய கல்,
ஒரு முழம் தள்ளி, ஒருக்களித்து.
அந்தக் கீறல் வளைந்து
அடிப்பக்கமும் போகிறது என்று
இப்போதுதான் தெரிகிறது.

எடுத்துப் பழைய இடத்தில் வைத்திருக்கலாம்.
ரயில்வே கல். வைக்கவில்லை.

அது இப்போது கிடப்பது
நான் இன்னும் தொடாத மூலை.
அதனால் படத்தில் அது இரண்டு தடவை வரும்,
இடதில் தையிலும் வலதில் புரட்டாசியிலும்.
யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.
கிளிப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முப்பது புள்ளி வைத்திருப்பேன்.
போன் அடிக்கிறது.
மூடியைக் காணோம்.