தாமதத்திற்கான காரணம்

மானிட்டோபா, பதினேழாம் எண் நெடுஞ்சாலை.
செப்டம்பர். மாலை மூன்றே முக்கால்.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்குகிறாள் தெக்லா ஹ்ரிசாக்,
கையில் பனி தள்ளும் துடைப்பம்.

கோடையைச் சதுப்பில் கழித்துவிட்டு
குளிருக்கு வீடு திரும்புகின்றன:
விலாவில் சிவப்பு, முதுகில் மஞ்சள் கோடு,
விரல் தடிமன்.
இவற்றுக்கென்றே சாலைக்கு அடியில் குழாய் பதித்து
வேலியும் போட்டிருக்கிறார்கள்.
பெரும்பாலானவை அவ்வழியே போகின்றன.
மிச்சம், நம்மைப் போல.
தாரின் சூடு கண்டு நடுச்சாலையிலேயே படுத்துவிடும்.

நார்சிஸில் தண்டவாளத்தையும் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள்.
விளக்கெரியும் வீடுகளை எண்ண ஒரு கை போதும்.
சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலோ பல பத்தாயிரம்.
ஊர் என்பது எது?
ஊர்பவை திரும்பி வரும் இடம்தானே.

மேலே மைனஸ் நாற்பது அடிக்கையில்
வெடிப்புக்குள் நூல்கண்டாய்ச் சுருண்டு
மூச்சைக்கூடச் சில்லறையாகத்தான் செலவழிக்கும்.

மே மாதம் பார்க்க வேண்டும்.
ஆண்கள் முந்தி ஏறிவந்து காத்துக்கிடக்கும்.
பெண்ணொன்று தலைகாட்டினால் போதும்,
நூறு கயிறு, ஒரே முடிச்சு.
முடிச்சுக்குள் ஒரு கள்ளன் உண்டு:
ஆணேதான். பெண்வாசம் பூசிக் கிடப்பான்.
காதலுக்காக அல்ல,
அடுத்தவர் உடம்புச் சூட்டுக்காக.
அவனைத் தெக்லாவுக்குப் பிடிக்கும்.
"என் முதல் கல்யாணமும் அப்படித்தான்" என்பாள்.

காகங்களும் வரும்.
ஈரலை மட்டும் கொத்தியெடுத்து
மற்றதை அப்படியே போட்டுவிட்டுப் போகும்.
அத்தனை நீள உடம்பில்
ஈரல் எங்கேயென்று யார் சொன்னது அவற்றுக்கு?

பேருந்துச் சன்னலில் பதினொரு மூக்குகள்.
ஸிக்ரூன் கண்ணாடியை இறக்கிக் கத்துகிறாள்:
"எல்லாமே பெருசா இருக்கே, குட்டிங்க எங்கே?"

துடைப்பம் நிற்கிறது.
ஆறு வருடம் ஓட்டியும் தோன்றாத கேள்வி.
கோடையில்தான் பிறந்தன, ஒவ்வொரு தாய்க்கும் பத்து இருபது.
முதல் குளிருக்கு அவை இந்தப் பாறைக்கு வருவதில்லை.
அளவுநாடாவோடு வரும் பல்கலைக்கழகத்தாரைக் கேட்டால்
எறும்புப் புற்றாக இருக்கலாம் என்கிறார்கள்.
இருக்கலாம்.

கடைசிப் பாம்பு வெள்ளைக் கோட்டின் மேல் நின்று
நாக்கால் தெக்லாவின் காலணியைப் படிக்கிறது,
பிறகு புல்லுக்குள்.

அலுவலகப் படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
பனி. பழுது. மான்.
ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து
நான்காவதாக ஒன்றைத் தானே வரைகிறாள்.
கோடு கொஞ்சம் நெளிந்துவிட்டது.
அப்படியே விட்டுவிட்டு
கியரைப் போடுகிறாள்.