மேல்கட்டில்

ஜுபைல் கேம்ப், பதினேழாம் நம்பர் அறை.
பதினெட்டு ரியால் ரேடியோ:
ஒரு முள், இரண்டு திருகு,
பெயர் அழிந்த பிளாஸ்டிக் உடம்பு.
மூன்றாம் நாளே ஏரியல் ஒடிந்தது.
ஒடித்தவன் அருமைராஜ்.
இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

செம்புக் கம்பியை ஓட்டையில் செருகிக்
கட்டில் இரும்பில் சுற்றினோம். இரைச்சல்.
மேல்கட்டிலில் குல்ஜமான்
தூக்கத்தில் கை நீட்டிக் கம்பியைத் தொட்டான்;
தமிழ்ச் செய்தி தெளிவாக வந்தது.

அதன்பின் தினமும் ஒன்பதேகாலுக்கு
கம்பியைப் பிடித்தபடி மல்லாந்திருப்பான்,
ஒரு சொல்லும் புரியாமல்.
அவன் தும்மினால்
அமைச்சரவை பாதியில் கலையும்.
"ஹிலோ மத், பாய்!"
கத்துவது அருமைராஜ்தான்.
பத்தரைக்கு முறை மாறும்.
முள் அரைவிரல் இடப்பக்கம் போகும்,
அவனுடைய பஷ்தூவுக்கு.
அப்போது கம்பி என் கையில்.

செத்த பேட்டரியைத் தகரக் கூரையில் காயவைப்போம்.
ஜூலை வெயில் அரைமணி உயிர் கொடுக்கும்.
அந்த வெயிலில் நாங்கள் கண்ட ஒரே லாபம்.

பெருநாள் கழிந்து அவனை யான்புவுக்கு மாற்றினார்கள்.
பெட்டியோடு இறங்கியவன் திரும்பி வந்து
கம்பியின் பச்சைக் களிம்பைச்
சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் போனான்.

மாறி மாறி ஏறிப் படுத்தோம்.
காசிலிங்கம் பிடித்தால் சீனம் மட்டும் வந்தது.
நான் பிடித்தால் அதுவும் இல்லை.
ஈரத்துண்டு, எண்ணெய் டின், அரிசிமூட்டை
எல்லாம் படுத்துப் பார்த்தன.

வியாழன் இரவு அருமைராஜின் முறை.
முள்ளை உருட்டிக்கொண்டே இருந்தேன்.
கரகரத்து ஒரு குரல் விழுந்தது.
பஷ்தூ.
மணி பத்தரை தாண்டியிருந்தது.

திருகிலிருந்து விரலை எடுத்தேன்.
மேலே பார்த்து
"ஆடாதே" என்றேன்.