ஏழாம் இதழில் ஒரு திருத்தம்

அச்சாவோ துறையில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை
ஏழாம் இதழை வலையேற்றினோம்.
இதழின் பெயர் பஹாமார்:
கடல் பின்வாங்கி, சேற்றில் சிப்பி பொறுக்க
நமக்கு விட்டுத்தரும் இரண்டு மணி நேரம்.

நான்கு கதைகள். எழுதியது பெரும்பாலும் எலியேசர்.
கடவுச்சொல்லும் கம்பியும் ஓமெர் பொறுப்பு.
நான் பகலில் சால்மன் ஆலையில் முள் எடுக்கிறேன்,
இரவில் பிழை.
இரண்டுக்கும் ஒரே இடுக்கிதானே என்பான் எலியேசர்.

அச்சகம் கடலுக்கு அப்பால், புவெர்த்தோ மொன்ட்டில்.
நூறு பிரதிக்கு அவர்கள் சொன்ன விலைக்கு
படகு எஞ்சினே வாங்கிவிடலாம், பழையதாக.
அதனால்தான் இணையம். கொள்கை, புரட்சி
ஒன்றும் கிடையாது.
தளத்தின் வருட வாடகையை
மூன்று பேரும் கிழங்கு விற்றுக் கட்டுகிறோம்.

திங்களன்று தொன் ஆர்ட்டெமியோ வந்தார்.
காலணிச் சேற்றைக்கூட உதறவில்லை.
"கதையில் வருகிற கஞ்சன் நான்தானே?"
எலியேசர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினான்.
"அது கிடக்கட்டும். என் படகு பச்சை இல்லை.
மஞ்சள். நாற்பது வருஷமாக மஞ்சள்.
காகிதத்தில் அடித்திருந்தால் போகட்டும் என்றிருப்பேன்.
இதில் மாற்றலாமாமே, மருமகள் சொன்னாள்."
மாற்றினோம். ஒரே சொல்.
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்,
ஒரு குவளை மாத்தே குடித்தார்,
கஞ்சனை அப்படியே விடச் சொல்லிவிட்டுப் போனார்.

தீவில் செய்தி பரவ
ஒரு படகுப் பயணம் போதும்.
வியாழனுக்குள் பள்ளி ஆசிரியைக்கு ஆறு வயது குறைந்தது.
ரொட்டிக்கடை, உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி,
தேவாலயத்துக்கு எதிரே குடிபெயர்ந்தது.
ஓமெர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தான்.

அடுத்த சனிக்கிழமை ருபெலிந்தா நாவெலாங்கா.

இரண்டாம் கதை.
தெற்கே காற்று திரும்பிய இரவில்
நண்டு பிடிக்கப் போகிறான் ஒரு பையன்.
கடைசிப் பத்தியிலும் வரவில்லை.
அவள் மகனின் பெயர் அதில் இல்லை;
எலியேசர் கவனமாகத்தான் இருந்தான்.
பெயர் மட்டும்தான் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.
"படகின் நிறத்தை மாற்றினீர்களாமே" என்றாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.
அடுப்பில் கெண்டி கொதித்து, நீர் குறைந்து,
சத்தம் மாறியது.
எலியேசர் வாய் திறந்தான்.
மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.
மாற்றுகிறேன் என்று சொல்லப் போனானா,
முடியாது என்று சொல்லப் போனானா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.
அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு
படிகளை எண்ணுவதுபோல் இறங்கிப் போனாள்.

அன்றிரவு அந்தப் பத்தியைப் பதினோரு முறை படித்தேன்.
ஒரு காற்புள்ளி தவறியிருந்தால்கூட
அதைச் சாக்காக வைத்து உள்ளே புகுந்திருப்பேன்.
இடுக்கிக்கு அதில் வேலையே இல்லை.
ஆசிரியையின் வயதைக் குறைத்த விரல்கள்
விசைப்பலகைமேல் சும்மா கிடந்தன.

ஏழாம் இதழுக்கு வாசகர் அறுபத்திரண்டு பேர்
என்றான் ஓமெர், ஜூலையில்.
அதில் ஒருவர் தினமும் விடியல் நாலு மணிக்கு.
இரண்டாம் கதை. வேறெதுவும் திறப்பதில்லை.
ஒரு நிமிடம், சில நாள் ஒன்றரை.
எண்களுக்கு அதற்குமேல் தெரியாது.
ஓமெர் சிரிக்கவில்லை.

எட்டாம் இதழ் தள்ளிப்போகிறது.
எலியேசர் எழுதுவதில்லை; அண்ணனுடன்
வலை பழுதுபார்க்கப் போகிறான்.
வாடகை கட்டும் நாள் வந்தபோது
இந்த வருஷம் விட்டுவிடலாமே என்று
அவன்தான் சொன்னான், மெதுவாக.

மூன்று பேர் பங்கையும் நானே கட்டிவிட்டேன்.
கிழங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது,
ஆலையில் முன்பணம் வாங்கித்தான்.
நாலு மணிக்கு அந்தப் பக்கம்
திறக்க வேண்டும்.