பற்று

கத்தமுத்து என்றுதான் அவள் சொன்னாள்.
இல்லை, காத்தமுத்து என்று நான் நீட்டிக் காட்டியதும்
இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து
குறிப்பேட்டில் முதல் உயிரெழுத்தின் மேல்
சின்னதாக ஒரு கூரை போட்டுக்கொண்டாள்.

மரி-லூர் கத்தமுத்து. குவாதலூப் தீவில் பல் வைத்தியர்.
காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டுமென்று
விடுதிக்காரன் என்னிடம் அனுப்பினான்.
கையில் கப்பல் பதிவின் நகல்:
எண் 212. ஆண். வயது இருபத்திரண்டு.
இடது புருவத்தில் தழும்பு.
தகப்பன் பெயர் வீரன். ஊர் மருதங்குடி.
ஏறிய நாள் 1867 ஆகஸ்ட் ஒன்பது.
சாதிக்கு நேரே என்னவோ எழுதி
அதன்மேல் மை சிந்தியிருந்தது,
வேண்டுமென்றா, கை தவறியா, தெரியவில்லை.

கரும்புக் கொல்லையில் ஒப்பந்தம் முடிந்த பிறகு
மலைச்சரிவில் காடு வெட்டி
முதலில் குடியேறியவர் அவர்தானாம்.
அந்தச் சரிவுக்கே அவர் பெயர், பலகைகூட இருக்கிறதாம்.
அப்படிப்பட்டவருக்கு இங்கேயும்
ஒரு துண்டு நிலம் இருந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தாள்.

மூன்று நாள் நன்னிலம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்தோம்.
பழைய செட்டில்மென்ட் பதிவேடு, தும்மல், மறுபடி பதிவேடு.
வீரன் நட்ட வயல்கள் எல்லாம் இருந்தன,
எண்ணோடு, எல்லையோடு, பாசன வாய்க்காலோடு.
வீரன் இல்லை.

முதல் நாளே எனக்குத் தெரிந்ததை
நாலாம் நாள்தான் சொன்னேன்.
மருதங்குடிப் பண்ணைக்கு என் தாத்தாவின் அப்பா
கணக்குப்பிள்ளை.
பேரேடுகள் எங்கள் வீட்டுப் பரணில்,
பழுப்பு வேட்டியில் முடிந்து கிடக்கின்றன.

நல்ல கையெழுத்து அவருக்கு, அதைச் சொல்லியாக வேண்டும்.
‘வீரன் மகன் காத்தமுத்து. பற்று:
நெல் அரைக் கலம், ரொக்கம் மூணு ரூபாய்.
ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு ஆளைக் காணோம்.
ஓடிப்போனான்.’

முப்பது வருஷம் பிரெஞ்சு வாத்தியார் நான்.
கிளம்பினார் என்று சொல்லலாமா, புறப்பட்டார்,
வெளியேறினார் என்று அகராதியெல்லாம் துழாவிவிட்டு
வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்.
அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
தப்பி ஓடியவன்! அவள் தீவில்
அடிமைத்தளையிலிருந்து மலைக்கு ஓடியவர்களுக்குச்
சிலை வைத்திருக்கிறார்களாம்.
இத்தனை காலமும் அவரைக் கங்காணி ஏமாற்றி
ஏற்றிக்கொண்டு போனதாகத்தான்
வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்களாம்.

அரைக் கலம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள்.
ஆறு மரக்கால் என்றேன். அது அவளுக்குப் போதவில்லை.
கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.
குறுவை நெல் சாலையில் பாதி தூரம் காய்ந்துகொண்டிருந்தது.
சுமைதூக்கும் செல்லக்கண்ணு தலையைச் சொறிந்து
பதினாலு, பதினஞ்சு கிலோ வரும் என்று அளந்து கட்டினார்.
அதை இடுப்பில் வைத்துக்கொண்டு
எடைமேடையிலிருந்து புளியமரம் வரை நடந்தாள்.
திரும்பி வந்தாள். வியர்த்திருந்தது.
இதற்குத்தானா என்றாள்.
நெல்லைக் குவியலில் கொட்டிவிட்டு
செல்லக்கண்ணு டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று நான்தான் ஆரம்பித்தேன்:
பேனா இருக்கிறது, கணக்கைத் தீர்த்து
அந்த வரியை அடித்துவிடட்டுமா?
கையைப் பிடித்துக்கொண்டாள்.
தொடாதீர்கள். இந்த ஊரில்
அவருக்கு இருப்பது அது ஒன்றுதான்.

ஒன்றல்ல.
கீழே இன்னொரு வரி, அதே நல்ல கையெழுத்தில்:
‘வீரனைக் கூப்பிட்டு விசாரித்தது.’
விசாரித்தது என்றால் என்னவென்று
எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.
அவள் விரல் வைத்து என்ன இது என்று கேட்டாள்.
தேதி, என்றேன்.